செங்காந்தள்: ஆறு மாதம் படரும், ஆறு மாதம் தூங்கும்

தை பிறந்த சில நாளில் தொட்டியில் இருக்கும் செங்காந்தள் கீழ் இலையிலிருந்து மஞ்சளாகத் தொடங்கும். இரண்டு மூன்று வாரத்தில் தண்டே காய்ந்து குச்சியாகிவிடும். முதன்முறை வளர்ப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தண்ணீர் போதவில்லை என்று காலையும் மாலையும் ஊற்றுவார்கள். மண்ணுக்குள் கிழங்கு அழுகிப்போகும். இல்லையென்றால் செடி செத்தது என்று முடிவுகட்டித் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை ரோஜாவுக்குப் போட்டுவிடுவார்கள். கிழங்கு குப்பைக்குப் போகும்.

இந்தக் கொடிக்கு அது ஆண்டுதோறும் வரும் ஓய்வு. மழைக்காலத்தில் முளைத்து, படர்ந்து, பூத்து, காய்த்து, கோடைக்கு முன்பே மேல்பகுதி முழுவதையும் உதிர்த்துவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் படுத்துக்கொள்ளும். எப்போது விழிக்கிறது, எப்போது உறங்குகிறது, கிழங்கின் எந்த இடத்திலிருந்து முளை வருகிறது என்ற மூன்றும் பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் சாதாரணத் தோட்ட வேலை.

எந்தச் செடி இது

தமிழ்நாட்டின் மாநில மலர். சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலத்துப் பூவாக வரும் காந்தள் இதுதான். பெண்களின் விரலுக்கு இதன் இதழை உவமை சொன்ன புலவர்கள் பலர். ஆனால் இதைப் பயிராக விளைவிக்கும் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் பேச்சில் இருக்கும் பெயர் கண்வலிக்கிழங்கு. கிழங்கு கலப்பைபோல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதால் ஈழத்தில் கார்த்திகைப்பூ. தாவரவியல் பெயர் குளோரியோசா சுப்பர்பா. இந்தியா, இலங்கையோடு ஆப்பிரிக்காவிலும் இயல்பாக வளர்வது. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே.

நர்சரியில் 'ரோத்ஸ்சைல்டியானா' என்று ஒன்று விற்பார்கள். இதழ் அகலமாக, அடர்சிவப்பில், ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டதுபோல இருக்கும். ஆப்பிரிக்க வகை. வளர்ப்பு முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் காட்டுச் செங்காந்தளின் இதழ் குறுகலானது, ஓரம் நெளிநெளியாக அலையடித்திருக்கும், நிறமும் நாளுக்கு நாள் மாறும். பார்க்க எது அழகு என்று கேட்டால் நம்முடையதற்கே ஓட்டு.

நடுவதற்கு முன் நஞ்சைப் பற்றி

வளர்ப்பு முறைக்குப் போவதற்கு முன் இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. செங்காந்தளின் வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அது அதிகம். காரணம் கோல்சிசின் என்ற வேதிப்பொருள். உடம்பில் செல்கள் இரண்டாகப் பிரிவதை இது தடுத்துவிடும். இதே பொருளை மிகச் சிறிய அளவில், மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்தால் கவுட் என்னும் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. பயிர் ஆராய்ச்சியாளர்கள் செடியின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி இதில் மிகக் குறைவு என்பதால் வீட்டில் வைத்தியம் செய்து பார்க்கக் கூடாது.

கிழங்கு பார்க்கச் சமையல் கிழங்குபோலவே இருக்கும். இலங்கையில் வற்றாளங்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. அவித்தாலும் வறுத்தாலும் நஞ்சு போகாது. தின்ற சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வாந்தி, கடுமையான வயிற்றுப்போக்கு தொடங்கும். சாதாரண உணவு ஒவ்வாமை என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து. அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரம் கழித்துத் தலைமுடி கொத்தாக உதிரும். யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி வரும்வரை காத்திருக்காமல், மீதி இருக்கும் கிழங்கையோ விதையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆகவே சில வீட்டு விதிகள். கிழங்கைத் தொடும்போது கையுறை. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எடுத்து வைக்கும் கிழங்குக்குச் சமையலறையில் இடமே கிடையாது. பெட்டி மேல் 'நஞ்சு' என்று பெரிதாக எழுதி ஒட்டவும். கத்தியும் தனி. தவழும் குழந்தை, மண் தோண்டும் நாய், கட்டிப்போடாத ஆடு இருக்கும் வீடு என்றால் தொட்டி எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாத வீட்டில் இந்தக் கொடி வேண்டாம், சங்குப்பூ போட்டுக்கொள்ளலாம்.

கிழங்கைப் படிப்பது

உருளைக்கிழங்கை எந்தப் பக்கம் வெட்டினாலும் துண்டில் பெரும்பாலும் ஒரு கண் இருக்கும். செங்காந்தளில் அப்படி இல்லை. கிழங்கு கவண்கிளைபோல இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். இரண்டு கையும் சேரும் மூட்டில் போன ஆண்டுத் தண்டு நின்ற தழும்பு தெரியும். முளை அந்த மூட்டிலிருந்து வராது. ஒவ்வொரு கையின் கடைசி நுனியிலும் ஒன்றே ஒன்றாக ஒரு முளைக்கண் இருக்கும். வெளிறிய ஒரு சின்ன மூக்கு மாதிரி. அதுதான் உயிர். அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கை எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது. 'கிழங்கு நட்டேன், வரவே இல்லை' என்பவர்கள் பலருக்கும் நடந்தது இதுதான். கூரியரில் குலுங்கி வரும்போதே நுனி முறிந்திருக்கும், கவனிக்காமல் நட்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம். நட்ட கிழங்கு அப்படியே இருந்து பெருப்பதில்லை. முளைத்து வளர அது தன்னிடம் இருக்கும் சத்தையெல்லாம் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போகும். கொடி பச்சையாக இருக்கும் மாதங்களில் இலைகள் செய்யும் உணவு கீழே இறங்கி, பழைய கிழங்குக்குப் பக்கத்தில் புதுக் கிழங்கு ஒன்றை, மறுபடி இரண்டு கையோடு, உருவாக்கும். தையில் தோண்டினால் கையில் வருவது ஆடியில் நட்ட கிழங்கு அல்ல, அதன் பிள்ளை. பூ முடிந்ததும் கொடியை வெட்டிவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். பச்சை இலையை வெட்டினால் அடுத்த ஆண்டுக் கிழங்கின் எடையைத்தான் வெட்டுகிறோம்.

எடை இங்கே முக்கியம். 50 முதல் 60 கிராம் உள்ள கிழங்கு அதே ஆண்டில் நன்றாகப் பூக்கும். 20 கிராம் கிழங்கு முளைக்கும், இலை விடும், ஆனால் பூக்காமல் போகலாம். அதை இரண்டு பருவம் வளர்த்துத் தேற்ற வேண்டும். வாங்கும்போது கிழங்கு அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறதா, தோலில் ஈரக் கசிவோ கறுத்த புள்ளியோ பூசணமோ இல்லாமல் இருக்கிறதா, நுனி முழுசாக இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். தோல் லேசாகச் சுருங்கியிருந்தால் பாதகமில்லை.

இரண்டு கையிலும் முளைக்கண் இருந்தால் மூட்டில் பிரித்து இரண்டு செடியாக நடலாம். ஆனால் பிரித்த ஒவ்வொரு துண்டும் பூக்கும் எடைக்குக் குறையாமல் இருந்தால்தான் அதில் லாபம். வெட்டிய இடத்தில் சாம்பல் தடவி, நிழலில் இரண்டு நாள் காய்ந்த பிறகு நடவும். புது வெட்டுக்காயத்தோடு ஈர மண்ணில் போட்டால் அழுகலை நாமே அழைத்து வந்த கதை.

நடவு

தமிழ்நாட்டில் ஆனி, ஆடி மாதங்கள், அதாவது ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. கிழங்கு தானாக விழிக்கும் காலமும் இதுதான். நுனி மூக்கு லேசாகப் பருத்து வெளுத்துக் காட்டும்.

தொட்டி 14 அங்குல அகலமும் குறைந்தது 12 அங்குல ஆழமும் இருக்கட்டும். புதுக் கிழங்கின் கைகள் கீழ்நோக்கி இறங்குவதால் ஆழம் குறைந்த தொட்டியில் அடியில் முட்டிக் கோணலாகும். அந்த அளவுத் தொட்டிக்கு இரண்டு கிழங்கு போதும். அடியில் மூன்று நான்கு துளை வேண்டும். அதன் மேல் ஓட்டுச் சில்லு வைக்கவும். மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் அல்லது பெர்லைட் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. தென்னை நார்க்கழிவை அள்ளிப் போட வேண்டாம். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எதுவும் இந்தக் கிழங்குக்குப் பிடிக்காது. கலவை சரியா என்று தெரிய ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்; ஒரு நிமிடத்துக்குள் மேலே தேக்கம் இல்லாமல் இறங்க வேண்டும். களிமண் தரை என்றால் நேராக நடாமல் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுக்க வேண்டும்.

நடுவதற்கு முன் கிழங்கைப் பூஞ்சைக்கு எதிராக நனைத்துக்கொள்வது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியை 10 கிராம் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தலாம். ரசாயனம் போதும் என்பவர்கள் ஒரு லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டசிம் எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது; பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்தால் உயிர் மருந்து பலனற்றுப் போகலாம்.

கிழங்கைப் படுக்கையாக வைக்கவும். எந்தப் பக்கம் மேல் என்று குழம்ப வேண்டாம், முளை தானே வழி கண்டுபிடித்து மேலே வரும். நுனி மூக்கு தொட்டியின் சுவரில் முட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி இருக்கட்டும். மேலே இரண்டரை முதல் மூன்று அங்குலம் மண் மூடவும். தரையில் என்றால் கிழங்குக்குக் கிழங்கு 30 முதல் 45 செ.மீ. இடைவெளி. நட்டதும் ஒரு முறை நன்றாக நனையும்படி தண்ணீர். அதன் பிறகு முளை வெளியே தெரியும்வரை மண் லேசான ஈரத்தில் இருந்தால் போதும். வேரே இல்லாத கிழங்குக்குத் தினமும் தண்ணீர் கொடுத்தால் யார் குடிப்பது?

இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை வரும். வராவிட்டால் விரலால் கிளறிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். மண்ணுக்கு ஓரங்குலம் கீழே வந்து நிற்கும் முளையை ஒடித்துவிட அதைவிடச் சுலபமான வழி இல்லை. எங்கே நட்டோம் என்று தெரிய நடும்போதே குச்சி நட்டு வைத்துவிடுங்கள். பின்னால் குச்சி குத்தும்போது கிழங்கைத் துளைக்கும் ஆபத்தும் இருக்காது.

இலை நுனியால் ஏறும் கொடி

அவரை தன் தண்டையே கொம்பில் சுற்றி ஏறும். பாகல் தனியாகச் சுருள்கம்பி விட்டுப் பற்றும். செங்காந்தளுக்கு இரண்டும் கிடையாது. இலையின் கூர்நுனியே நீண்டு சுருண்டு, கிடைத்ததைச் சுற்றிப் பிடிக்கும். அந்தச் சுருள் சிறியது. பென்சில் பருமனுக்கு மேல் உள்ள எதையும் அதனால் வளைத்துப் பிடிக்க முடியாது. இரும்புக் குழாய், தென்னை மரம், வெள்ளையடித்த சுவர் எல்லாம் வீண். மூங்கில் சிம்பு, மீன்வலை, சன்னக் கம்பிவலை, காய்ந்த கிளைகள் நிறைந்த ஒரு குச்சி ஆகியவை பொருத்தம். வயலில் விராலிச் செடியின் மிலாறையும் கிளுவை வேலியையும் பயன்படுத்துவது இதனால்தான். கைக்கெட்டும் இடமெல்லாம் மெல்லிய குச்சி இருக்கும். வீட்டில் ஐந்தடி மூங்கில் நான்கு ஊன்றி, சுற்றிலும் சணல் கயிற்றை அரையடிக்கு ஒரு வரிசையாகக் கட்டினால் அதே வேலை நடக்கும். தொட்டியில் கொடி ஐந்தாறு அடி போகும். தரையில் இன்னும் அதிகம்.

முளை அரையடி வளர்வதற்குள் பந்தல் தயாராக இருக்க வேண்டும். பிடிக்க எதுவும் கிடைக்காத தண்டு சாயும், காற்றில் ஆடும், ஒடியும். தண்டு உள்ளே சதைப்பற்றோடு இருப்பதால் வளைத்தாலே டக்கென்று முறியும். உருளையோ தக்காளியோபோல ஒடிந்த இடத்துக்குக் கீழே நாலு கிளை விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இளம் பருவத்தில் நுனி போனால் பெரும்பாலும் அந்த ஆண்டுப் பூ போனது. மொட்டைமாடியில் வளர்ப்பவர்கள் ஆடிக் காற்றை மறக்கக் கூடாது. தொட்டியைக் கைப்பிடிச் சுவரின் மறைவில் வையுங்கள். ஒரு முறை பற்றிவிட்ட சுருளை அவிழ்த்து வேறிடம் மாற்றாதீர்கள். கொடி தவறான பக்கம் போனால் பந்தலை நகர்த்துங்கள், கொடியை அல்ல.

வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். தலை வெயிலில், கால் நிழலில் என்பது இதற்குப் பொருத்தமான ஏற்பாடு. அடியில் காய்ந்த இலையை ஓரங்குலத்துக்கு மூடாக்குப் போட்டால் மண் சூடேறாது. முழு நிழலில் கொடி நீளும், பூ வராது.

இலைகள் விரிந்த பிறகு தண்ணீர்த் தேவை கூடும். மண்ணில் விரலை ஓரங்குலம் விட்டுப் பாருங்கள்; காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மழையில்லாத நாளில் தொட்டிக்கு ஒன்றுவிட்டு ஒருநாள், தரைக்கு ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை என்பது ஏறக்குறைய சரியாக வரும். மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். மொட்டு தெரிந்ததும் பத்து நாளுக்கு ஒரு முறை ஒரு தேக்கரண்டி விறகுச் சாம்பலைத் தொட்டி ஓரமாகத் தூவலாம். சாம்பல்சத்து பூவுக்கும் கிழங்குக்கும் உதவும். யூரியா போட்டால் இலை தளதளவென்று வரும், தண்டு இளகி ஒடியும், புழுவும் சேர்ந்து வரும்.

பூவும் அதன் வளைந்த சூல்தண்டும்

நட்ட இரண்டு மாதத்தில் மேல் இலைகளின் பக்கத்தில் மொட்டுகள் தொங்கும். மொட்டு பச்சை. விரியும்போது ஆறு இதழும் பின்பக்கமாக மடங்கி மேல்நோக்கி எழும். பூ தலைகீழாகத் தொங்க, இதழ்கள் தீக்கொழுந்துபோல நிற்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரு கொடியில் ஒரே நேரத்தில் மூன்று நிறப் பூ இருப்பதற்குக் காரணம் மூன்று வயதுப் பூக்கள் இருப்பதுதான். ஒரு பூ ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும். கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரிவதால் கொடி ஒரு மாதத்துக்கு மேலும் பூவோடு இருக்கும்.

ஆறு மகரந்தத்தாள்களும் குடைக்கம்பிபோலச் சுற்றிலும் விரிந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே முழங்கைபோல மடங்கி ஒருபக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் தப்பிக்க இது ஒரு வழி. தேனுக்கு வரும் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் ஒரு பூவின் மகரந்தத்தை அடுத்த பூவின் சூல்முடியில் தடவிச் செல்ல வேண்டும். பூச்சி வராத மூன்றாம் மாடியில் பூ அழகாகப் பூத்து, காய் பிடிக்காமல் உதிரும். பூ போதும் என்பவர்களுக்கு அதனால் நட்டமில்லை. காய் பிடிக்காத கொடியின் சத்து கிழங்குக்குப் போகும். விதை வேண்டுமென்றால் காலை 8 முதல் 11 மணிக்குள், மகரந்தப்பை வெடித்து மஞ்சள் பொடி தெரியும்போது, ஒரு கொடியின் மகரந்தத்தைச் சின்னத் தூரிகையில் எடுத்து இன்னொரு கொடிப் பூவின் மூன்றாகப் பிரிந்த சூல்முடியில் தடவ வேண்டும். விதைக்காகப் பயிரிடும் விவசாயிகள் பூக்கும் காலம் முழுக்க வரிசை வரிசையாக இதைக் கையால் செய்கிறார்கள். கூலியில் பெரும் பங்கு இந்த வேலைக்கே போகும்.

கெட்டுப்போகும் விதங்கள்

மழைக்காலத்தில் ஒரே இரவில் இலைகள் போய்த் தண்டு மட்டும் மிஞ்சினால், கறுப்பு உடம்பில் வெள்ளையும் செம்மஞ்சளும் புள்ளி போட்ட புழுவைத் தேடுங்கள். லில்லி வகைச் செடிகளைத் தின்னும் புழு. கோல்சிசின் அதை ஒன்றும் செய்வதில்லை. கூட்டமாக இருக்கும், பளிச்சென்று தெரியும் என்பதால் கையுறை போட்டுப் பொறுக்கி எடுப்பதே போதுமானது. நிறைய இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். தளிர் இலைகள் சுருண்டு, கோணலாகி, வெளிறிய கீறல்கள் தெரிந்தால் இலைப்பேன். அதற்கும் வேப்பெண்ணெய்தான், ஆனால் வாரம் ஒன்றாக மூன்று முறை. ஒரு முறை அடித்துவிட்டு ஓய்ந்தால் முட்டையிலிருந்து அடுத்த கூட்டம் வந்துவிடும்.

ஐப்பசி அடைமழையில் இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து பெருகி ஒன்றோடொன்று சேர்ந்தால் அது கருகல் நோய். கீழே உள்ள நோய்ப்பட்ட இலைகளை அகற்றி, கொடிக்குள் காற்று போக வழி செய்யவும். வேகமாகப் பரவினால் லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் பூஞ்சைக்கொல்லி. பெரிய ஆபத்து கிழங்கு அழுகல். பூக்கும் நேரத்தில், தண்ணீரும் உரமும் சரியாக இருந்தும், கொடி முழுதும் திடீரென்று வாடினால் தண்டின் அடியை அழுத்திப் பாருங்கள். கொழகொழப்பாக, நாற்றத்தோடு இருந்தால் அந்தக் கொடியைக் காப்பாற்ற முடியாது. கிழங்கோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணை மறுபடி செங்காந்தளுக்குப் போடாதீர்கள். பக்கத்துத் தொட்டிகளுக்குத் தண்ணீரைக் குறையுங்கள்.

உறக்க காலம்

மார்கழி கடைசியில் காய்கள் முற்றும். மூன்று அறை கொண்ட நீளக் காய்; தோல் சுருங்கி நிறம் மங்கும்போது விதைக்காகப் பறிக்கலாம், விட்டுவிட்டால் தானே வெடித்துச் செந்நிற விதைகளைக் காட்டும். குழந்தைகள் கையை நீட்டும் நிறம் அது. விதை தேவையில்லாத வீட்டில் காயைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுவது நல்லது.

இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைப் பாதியாகக் குறைக்கவும். தண்டு காய்ந்ததும் முழுதாக நிறுத்தவும். தண்டை வெட்டாமல், இழுக்காமல், தானாகக் கழன்று வரும்வரை விடுங்கள். பிறகு இரண்டு வழி உண்டு. தொட்டியை அப்படியே மழை படாத நிழலுக்கு நகர்த்தி ஆனி வரை மறந்துவிடலாம். இதுவே சுலபம், கிழங்குக்கும் இதுவே பாதுகாப்பு. கோடையில் மொட்டைமாடி வெயிலில் கறுப்புத் தொட்டியை மட்டும் விட்டுவிடக் கூடாது, கிழங்கு உள்ளேயே வெந்துவிடும்.

எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், குச்சியாலோ கொத்தாலோ குத்தாமல் தொட்டியைச் சாய்த்து மண்ணோடு கொட்டி, கையால் உதிர்த்து எடுக்கவும். கிழங்கு பெரும்பாலும் அடியில்தான் கிடக்கும். நுனி மூக்கைப் பார்த்துப் பிடியுங்கள். கழுவ வேண்டாம். நிழலில் நான்கைந்து நாள் உலர்த்தி, உலர்ந்த மணல் பரப்பிய அட்டைப்பெட்டியில் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காக வைத்து மேலே மணல் மூடவும். பாலிதீன் பையில் கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். குளிர்பதனப் பெட்டி கூடவே கூடாது. வெப்பமண்டலக் கிழங்குக்கு அந்தக் குளிர் ஆகாது, சாப்பாட்டுப் பொருளுக்கு நடுவில் நஞ்சை வைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. மாதம் ஒரு முறை திறந்து பார்த்து அழுகியதை எடுத்துவிடுங்கள்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், அவசரம் இல்லாதவர்களுக்கு. விதையுறை கெட்டி, முளைக்கச் சில வாரமும் ஆகும், சில மாதமும் ஆகும், ஒரே காயின் விதைகளே ஒன்றாக முளைக்காது. முதல் ஆண்டு புல்லிதழ்போல ஓர் இலைக்கொத்து வந்து, கடலை அளவுக் கிழங்கு வைத்துவிட்டு உறங்கிவிடும். ஒவ்வோர் ஆண்டும் அதைவிடக் கொஞ்சம் பெரிய கிழங்கு. பூவைப் பார்க்க மூன்று நான்கு ஆண்டு. வயலில் யாரும் விதை போடாமல், எக்டேருக்கு 2000 முதல் 2500 கிலோ வரை கிழங்கு வாங்கிப் போடுவதற்குக் காரணம் இதுதான். சாகுபடிச் செலவில் பெரிய தொகையும் அதுதான். காட்டிலும் வேலியோரத்திலும் தானாக வளர்ந்ததைத் தோண்டி விற்பதற்கும் இதுவே தூண்டுதல். தோண்டத் தோண்ட அந்த இடத்தில் கொடி அற்றுப்போகிறது. வாங்கும்போது வயலில் விளைந்த கிழங்கா என்று கேட்டு வாங்குங்கள்.

சில ஆண்டு சித்திரையிலேயே நல்ல கோடைமழை பெய்து, பெட்டியில் இருக்கும் கிழங்குகூட ஈரக்காற்றில் மூக்கை நீட்டிவிடும். முளை அரை அங்குலத்தைத் தாண்டிய கிழங்கை மறுபடி தூங்கவைக்க முடியாது. பெட்டியிலேயே விட்டால் இருட்டில் வெள்ளைத் தண்டு நீண்டு ஒடியும். மாதத்தைப் பார்க்காமல் உடனே நட்டு, மதிய வெயில் படாத இடத்தில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கொடி கார்த்திகை வரை காத்திருக்காது. ஆடியிலேயே பூத்து, மார்கழிக்கு முன்பே தூங்கிவிடும்.